வர இயலாதோர்க்கும் ஒரு வாயில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்த நம்மையே, இவ்வாண்டு பேசுமாறு செயற்குழுவினர் பணித்துவிட்டனர். மெட்ரிக் தேர்வோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் ஏட்டோடும் எண்ணோடும் காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்கு இலக்கியம் பேசத் தகுதி ஏது? ஆதலின், கற்றதை விடுத்துக் கண்டதையே பேச முன்வந்தோம்.

போலாரத்தில் வாழும் எங்கள் சிறிய தமிழ்க் கிறிஸ்தவ சபை, நோய்க் காலத்தில் ஆலயக் கதவு அடைபட்டபோது தன் வாராந்தர வாழ்வைக் கைபேசியின் வழியே நடத்தியது. அவ்வரலாறும், அதில் நாங்கள் செய்த பிழையும், அப்பிழையால் பெற்ற படிப்பினையுமே இன்றைய பொருள். பல சமயத்தாரும் கூடியுள்ள இவ்வவையில் ஒரு சமயத்தாரின் செய்தி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படிப்பினை எங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் சங்கத்துக்கும் உரியது என்பதனை முடிவில் நீங்களே கூறுவீர்கள்.

போலாரத்துக்குத் தமிழர் வந்த வழியை நம் முதியோர் அறிவர். சென்னைப் படையின் சிப்பாய்களோடு சிலர் வந்தனர். இருப்புப் பாதையோடு சிலர் வந்தனர். பின்னர் ஆலைகளும் அலுவலகங்களும் பலரை அழைத்து வந்தன. 1847ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற தூய திரித்துவ ஆலயம் இன்றும் இவ்வூரில் நிமிர்ந்து நிற்கிறது. 1983 நவம்பரில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் தம் திருமண நாளன்று அங்கு வந்து வழிபட்டதை நம் பெற்றோர் கதை கதையாகச் சொல்வர். எங்கள் சபைக்கு அத்தகைய கோபுரமுமில்லை, கீர்த்தியுமில்லை. அல்வாலிலிருந்தும் லோத்துகுண்டாவிலிருந்தும் ரிசாலா பஜாரிலிருந்தும் வருகின்ற சில குடும்பங்கள், ஓர் ஆர்மோனியம், பாளையங்கோட்டையிலிருந்து வருவித்த பாட்டுப் புத்தகங்கள். அவ்வளவே.

ஆயினும், வேற்று மொழி சூழ்ந்த ஊரில் வாழ்வோர்க்கு அச்சிறு சபை எவ்வளவு பெரிது! ஞாயிறு காலை ஆராதனை. அதற்கு முன் சிறுவர்க்கு ஓய்வுநாட் பள்ளி. செவ்வாயன்று பெண்கள் ஐக்கிய சங்கம். புதனன்று வேத பாடம். வெள்ளியன்று உபவாச ஜெபம். சனி மாலை முறைவைத்து வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம். வாரம் முழுவதும் அலுவலகத்தில் இந்தியும் கடையில் தெலுங்கும் பேசி அலுத்த நாவு, ஞாயிறன்று தமிழில் பாடும்போதுதான் ஊர் திரும்பியதுபோல் ஆறுதல் கொள்ளும். ஆராதனை முடிந்தபின் வேப்ப மரத்தடியில் நடக்கும் பேச்சில்தான் பெண் பார்ப்பதும், வேலை தேடுவதும், நோயுற்றோரை விசாரிப்பதும் நிகழும்.

இவ்வாறிருக்கையில் 2020 மார்ச்சு வந்தது. 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் மக்கள் தாமே வீடடங்கிய நாள். அன்றே பயணிகள் ரயில்கள் அனைத்தையும் நிறுத்துமாறு ஆணை வந்தது. 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய பயணிகள் ரயில், நாடு முழுவதும் ஒருங்கே நின்றதை நம் தலைமுறை அன்று கண்டது. 25ஆம் நாள் முதல் நாடு முழுவதற்கும் ஊரடங்கு. கோயில், மசூதி, குருத்துவாரா, தேவாலயம் எல்லாக் கதவுகளும் ஒரே பூட்டால் பூட்டப்பட்டவைபோல் அடைபட்டன.

அடுத்த ஞாயிறு மணியோசை இல்லை. அதற்கடுத்தது ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்து வீதியில் வரவேண்டிய பிள்ளைகள் சன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். அன்றுதான் எங்கள் ஐயரவர்கள் தம் வீட்டு மேசைமீது நான்கு பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் கைபேசியைச் சார்த்தி வைத்து, ஜூம் என்னும் செயலியின் வழியாக முதல் ஆராதனையை நடத்தினார்.

அம்முதல் ஆராதனையை நினைத்தால் இன்றும் நகை வரும். முதற் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடினோம். ஒவ்வொரு வீட்டுக் குரலும் இணைப்பின் வழியே சிறிது தாமதித்துச் சேர்வதால், ஒருவர் இரண்டாம் அடியில் இருக்க மற்றவர் முதலடியை இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வீட்டுக் குக்கர் விசில் பிரசங்கத்துக்கிடையே மும்முறை ஒலித்தது. மறு வாரம் ஓர் ஒழுங்கு செய்தோம். ஒரு வீட்டார் மட்டும் ஓசையோடு பாடுவர்; ஏனையோர் தத்தம் ஒலியை அடைத்துவிட்டுத் தம் வீட்டுக்குள் பாடுவர். அதுமுதல் ஆராதனை சீராயிற்று. ஆனால் எதிரே தெரியும் வாய்கள் அசையக் கண்டோமேயன்றிக் குரலைக் கேட்டோமில்லை.

ஏப்ரல் 10 பெரிய வெள்ளியும், 12 உயிர்த்தெழுந்த திருநாளும் அவ்வாறே கழிந்தன. மெல்ல மெல்ல வாரத்தின் ஏனைய நாட்களும் அச்சிறு திரைக்குள் வந்து சேர்ந்தன. ஓய்வுநாட் பள்ளியில் பிள்ளைகள் வரைந்த படங்களைத் திரைமுன் தூக்கிக் காட்டினர். வெள்ளி உபவாச ஜெபத்தில் நோயுற்றோர் பெயர்களை வாசித்தோம். அப்பட்டியல் வாரந்தோறும் நீண்டது. எங்களுள் ரயில்வேப் பணியிலிருந்தோர்க்கு ஓய்வில்லை. சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2020 மே முதல் நாள் அதிகாலை, நம் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குச் சுமார் 1,200 தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, நாட்டின் முதல் தொழிலாளர் சிறப்பு ரயில் புறப்பட்டது. அவ்வாரம் எங்கள் ஜெபமெல்லாம் வழியில் நடந்து செல்வோரைப் பற்றியதாகவே இருந்தது.

திருவிருந்தை மட்டும் நாங்கள் நடத்தவில்லை. அவரவர் வீட்டில் அப்பத்தையும் இரசத்தையும் வைத்துக்கொண்டு திரைவழியே பங்குபெறலாம் என்று சில சபைகள் கருதின; ஒரே அப்பத்தைப் பகிராதது திருவிருந்தாகுமோ என்று வேறு சபைகள் தயங்கின. எங்கள் ஐயரவர்கள் காத்திருப்போம் என்றார். காத்திருந்தோம். அந்தப் பசி எங்களுக்கு நல்லதே செய்தது.

இனி, நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். சபையின் வருகைக் குறிப்பை எழுதும் பொறுப்பு நம்முடையது. குமாஸ்தாவை வேறு எதற்கு வைத்துக்கொள்வர்? மே மாதத்தில் ஏட்டைப் புரட்டியபோது ஒரு வியப்பைக் கண்டோம். ஆலயத்துக்கு வாராத சிலருடைய பெயர்கள் வாரந்தவறாது அதில் இருந்தன.

இடுப்பெலும்பு முறிந்து ஆறாண்டுகளாகக் கட்டிலோடு கிடந்த ஒரு பாட்டியார். கண் பார்வையற்ற ஓர் இளைஞர். பேருந்து மாறி வரத் துணையில்லாமையால் ஆண்டுக்கு இருமுறை வருபவர். ஞாயிறு காலையிலேயே பணிமுறை அமைந்துவிட்ட ஒரு செவிலிப் பெண். இருப்புப் பாதையைக் காத்து நடக்கும் ஒரு தோழர். பணி முடிந்து மரத்தடியில் அமர்ந்து காதுக்குழாய் வழியே பிரசங்கம் கேட்டவர். அலுவல் மாறிச் சென்ற பழைய குடும்பங்கள். கீர்த்தனை கேட்பதில் விருப்புற்ற அண்டை வீட்டு இந்து அம்மையார் ஒருவர். இவர்களெல்லாம் முன்பு எங்கிருந்தனர்? அதே ஊரில், அதே வீட்டில் இருந்தனர். நாங்கள்தான் அவர்களை "வர இயலாதவர்" என்று ஒரு வரியில் எழுதி ஏட்டை மூடியிருந்தோம்.

கண்டபின் சும்மா இருக்கலாகாது என்று இளைஞர் சிலர் முன்வந்தனர். செவிப்புலனற்ற ஒரு சிறுமிக்காக, ஐயரவர்களின் பிரசங்கச் சுருக்கத்தைச் சனிக்கிழமை மாலையே தட்டெழுதி வாட்ஸப்பில் அனுப்பினர். சைகை மொழியறிந்த அவள் அத்தை திரையின் ஒரு மூலையில் அமர்ந்து பாட்டுகளைக் கையால் சொன்னாள். பார்வையற்ற இளைஞர் தம் பிரெயில் ஏட்டை விரலால் தடவி அன்றைய வேதபாகத்தை வாசித்தார். அவர் ஒரு முறையேனும் தடுமாறவில்லை; கேட்ட எங்களுக்குத்தான் தொண்டை அடைத்தது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் அமைத்த மரபினர் நாங்கள் எனப் பெருமை பேசுவோம். அம்மரபு எங்கள் சபைக்குள் வந்து சேர ஒரு கொள்ளை நோய் வேண்டியிருந்தது!

அவ்வாண்டு அறுப்பின் பண்டிகையும் திரையிலேயே நடந்தது. வழக்கம்போல் காய்கனிகளை ஏலம் விட்டோம். ஒரு பெரிய பூசணிக்காய்க்குப் போட்டி மூண்டது. கட்டிலில் கிடந்த பாட்டியார் மகளின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னும் ஐம்பது ரூபாய்" என்று மேலேறிக்கொண்டே போனார். எவராலும் அவரை வெல்ல முடியவில்லை. மறுநாள் இளைஞர்கள் பூசணிக்காயை அவர் வீட்டு வாயிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையசைத்தனர். அவர் அதனை நான்காக அறுத்து, மூன்று பங்கை மற்ற வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். கிறிஸ்துமஸ் மாலைக்கு இச்சங்கத்துக் குடும்பங்களையும் அழைத்தோம். இந்து முதியவர் ஒருவர் தம் இளமையில் தஞ்சையில் கேட்ட வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை நினைவுகூர்ந்தார். ஆம்பூரைச் சேர்ந்த இஸ்லாமிய அன்பர் வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் செய்த காகித நட்சத்திரங்களைக் காட்டினர். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிலருக்கு அம்மாலை நினைவிருக்கும்.

எல்லாம் நன்மையே என்று நாம் கூறவில்லை. கட்டிலில் சாய்ந்து காப்பி அருந்திக்கொண்டே ஆராதனையில் கலந்துகொண்டோர் உண்டு. அவருள் நாமும் ஒருவர். ஒரே கைபேசியுள்ள வீட்டில் பிள்ளையின் பள்ளிப் பாடமா, தாயின் ஜெபமா என்ற பூசல் எழுந்தது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு விதவைத் தாயாரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைபேசி. அவரைத் திரையில் காணாததை ஐந்து ஞாயிறுகள் எவரும் கவனிக்கவில்லை. ஏடு வைத்திருந்த நாமே கவனிக்கவில்லை. வர இயலாதோரைச் சேர்த்துக்கொண்டோம் என்று மகிழ்ந்த அதே நாட்களில், வரக்கூடியவராயிருந்த ஒருவரை வெளியே நிறுத்தியிருந்தோம். பின்னர் ஓர் இளைஞன் ஞாயிறுதோறும் அவரைச் சாதாரண அழைப்பில் அழைத்து, இரு கைபேசிகளையும் அருகருகே வைத்து ஆராதனையைக் கேட்கச் செய்தான். கருவி சிறிது, மனம் வேண்டும். அவ்வளவுதான்.

2020 ஜூன் 8 முதல் வழிபாட்டிடங்களைத் திறக்கலாம் என்று அனுமதி வந்தது. நாங்கள் இடைவெளி விட்டு, முகக்கவசம் அணிந்து, சிறிது சிறிதாகத் திரும்பினோம், 2021இன் இரண்டாம் அலையில் மீண்டும் அடைத்தோம், மீண்டும் திறந்தோம். நல்லோர் சிலரை இழந்தோம். 2022இல் ஆலயம் பழையபடி நிரம்பியது. அப்போது சபைக் கமிட்டி கூடி, இணையவழி ஒளிபரப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தது. கூறிய காரணங்கள் நியாயமானவையே. வீட்டிலிருந்தே காணலாம் என்றால் இளைஞர் ஆலயம் வாரார், காணிக்கை குறையும், ஞாயிறுதோறும் கருவியைக் கையாள ஆளில்லை. நாமும் கை தூக்கினோம். முடிவை ஏட்டில் எழுதியதும் நம் கையே.

மூன்று மாதம் கழிந்தது. ஒரு நாள் பாட்டியாரின் மகளைக் கடைவீதியில் சந்தித்தோம். அவர் குறை கூறவில்லை. பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். ஞாயிறுதோறும் பாட்டியார் விடியலிலேயே குளிப்பாட்டச் சொல்லி, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, கைபேசியை எதிரே வைக்கச் சொல்வாராம். இன்று வராது என்று மகள் சொன்னதும், "கோவிலை மறுபடியும் அடைத்துவிட்டார்களா?" என்று கேட்பாராம்.

அன்பர்களே, எங்களுக்குக் கோவில் திறந்த நாளில் அவருக்குக் கோவில் அடைபட்டது. அடைத்தது நோயன்று, ஊரடங்கன்று, நாங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதனைச் சொன்னோம். எவரும் வாதாடவில்லை. ஐயரவர்கள் ஒரு சுவிசேஷ நிகழ்ச்சியை நினைவூட்டினார். திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தனர். வீட்டு வாயிலில் கூட்டம் நெருங்கி நின்றமையால் உள்ளே நுழைய முடியவில்லை. அவர்கள் கூரையைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு இயேசுவின் முன் இறக்கினர். "நோய்க் காலத்தில் நாமும் கூரையைப் பிரித்தோம். நால்வரும் வாசல்வழியே நடக்கத் தொடங்கியதும், கட்டிலில் கிடப்பவனை மறந்து கூரையை வேய்ந்துவிட்டோம்" என்றார் ஐயர். அடுத்த ஞாயிறே ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியது. இறுதி ஜெபத்தின்போது எல்லோர் ஒலியையும் திறந்துவிட வேண்டும் என்று பாட்டியார் ஒரு விண்ணப்பம் அனுப்பினார். தம் "ஆமென்" எவர் செவியிலும் விழவில்லையாம். அவ்வாறே செய்தோம். ஆலயத்து ஒலிபெருக்கியில், எங்கள் "ஆமென்" முடிந்து ஒரு கணம் கழித்து, அவருடைய "ஆமென்" வந்தது. கட்டிலில் கிடந்தவரின் குரல் ஆலயத்துக்குள் நுழைந்ததை அன்று கேட்டோம். பாட்டியார் இன்று நம்மிடையே இல்லை. அந்த வழக்கம் இருக்கிறது.

புதிய கருவி வழிபாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்ற அச்சம் புதிதன்று. 1923இல் இங்கிலாந்தின் யார்க் கோமகன் திருமணத்தை வானொலியில் ஒலிபரப்ப வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தார் இசையவில்லை. மதுக்கடையில் தொப்பி கழற்றாது அமர்ந்தோரும் கேட்பரே என்று அஞ்சினர். மறு ஆண்டே, 1924 ஜனவரி 6ஆம் நாள், இலண்டன் தூய மார்ட்டின் ஆலயத்து ஆராதனையை பி.பி.சி. ஒலிபரப்பியது. ஆலயம் செல்லவியலாத பிணியாளரும் தம் படுக்கையிலிருந்தே அதனைக் கேட்க வழி பிறந்தது. அச்சும் ஒரு நாள் புதுக்கருவியே. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேற்றிய புதிய ஏற்பாடும், போதகர் செல்ல முடியாத வீட்டுக்குள் செல்லவே பிறந்தன. சிறையிலிருந்த பவுல் தம் சபைகளுக்குக் கடிதம் எழுதியதும் நேரில் செல்ல இயலாமையாலன்றோ?

இந்நெறி கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. திருப்புன்கூரில் வெளியே நின்று ஏங்கிய நந்தனார் இறைவனைக் காண நந்தி விலகியதைப் பெரிய புராணம் படித்தோர் அறிவர். நந்தனாரைத் தடுத்தது சாதி. எங்கள் பாட்டியாரைத் தடுத்தது முறிந்த எலும்பு. தடை வேறு, வெளியே நிற்பவரின் ஏக்கம் ஒன்றே. மறைப்பவர் சற்றே விலகவேண்டும் என்பதே அங்கும் பாடம்.

ரயில்வேக்காரர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். பெரு நிலையங்களுக்கிடையே ஓடும் பாசஞ்சர் வண்டி, இரண்டொருவர் மட்டும் ஏறும் சிறு நிலையத்திலும் ஒரு நிமிடம் நிற்கிறது. வருமானத்தை மட்டும் கணக்கிட்டால் அந்நிறுத்தம் வீண். ஆனால் கூடையோடு காத்து நிற்கும் கிழவிக்கு அந்த ஒரு நிமிடந்தான் ரயில்வே.

இப்போது எங்கள் சபையில் சில ஒழுங்குகள் உள. நடக்கக்கூடியவர் நடந்தே வரவேண்டும், திரை அவர்களுக்கன்று. வர இயலாதவர்க்கு ஒளிபரப்பு நிற்காது. திரையில் காண்பவரை மாதமொரு முறையேனும் இருவர் நேரில் சென்று காண்பர். ஐயரவர்கள் திருவிருந்தை அவர்கள் படுக்கையண்டை கொண்டு செல்வார். கருவியில்லாதவர் பெயர் ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதப்படும். இளைஞர் வாராது போவரோ என்ற அச்சம் பொய்த்தது; கருவியைக் கையாளவே அவர்கள் முன்னதாக வருகின்றனர்.

இனி நம் சங்கம். 2011 மக்கட் கணக்கின்படி நம் நாட்டில் உடற்குறை உடையோர் சுமார் 2 கோடியே 68 இலட்சம் பேர். 2016இல் இயற்றிய சட்டம் அவர்களுக்குப் பொதுவாழ்வில் சமபங்கு உண்டு என்கிறது. முதுமையால் தளர்ந்தோர் இக்கணக்கில் முழுதும் சேரார். இச்சங்கத்தைத் தொடங்கியோருள் எத்தனை பேர் இன்று இம்மண்டபத்தில் இருக்கின்றனர்? சந்தா கட்டிய ஏட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது, நாற்காலியில் ஆளில்லை. இம்மண்டபத்துக்கு ஏறும் படிகள் பதினொன்று. மேடைக்கு வருமுன் எண்ணிப் பார்த்தோம்.

ஆகவே செயற்குழுவினர்க்கு எமது விண்ணப்பம் சிறியது. படிகளின் அருகே ஒரு சாய்தளம் அமையுங்கள். நம் தமிழ் வகுப்பையும் மாதாந்தரக் கூட்டத்தையும் ஒரு கைபேசியை நிறுத்தி வைத்து வீட்டிலிருப்போர்க்கும் காட்டுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் வாழ்த்துரை வழங்கும் முதல்வர், வீட்டைவிட்டு வர இயலாத ஒரு மூத்த உறுப்பினராக இருக்கட்டும். அவர் குரல் சிறிது தாமதித்து வரும். வரட்டும், நாம் காத்திருப்போம்.